ஆர்த்தே: பலகை தேய்த்துத் தொடங்கிய ஓவியக்காரி

முதல் அத்தியாயத்திலேயே ஆர்த்தே கத்தியை எடுத்துத் தன் நீளமான முடியை அறுத்துப் போட்டுவிடுகிறாள். நட்ட நடுத்தெரு, சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற கூட்டம், எதிரே அவளைப் பட்டறைக்குள் விடமாட்டேன் என்று விரட்டுகிற ஆட்கள். பெண் என்பதுதான் உங்களுக்குப் பிரச்சினை என்றால் மார்பையும் அறுத்துவிடட்டுமா என்று கேட்டுக் கத்தியைத் திருப்புகிறாள். நான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் என் அக்கா மகள், பதின்மூன்று வயது, எந்த நேரமும் கையில் பென்சிலோடு திரிகிறவள். அவளுக்காகத்தான் இந்தத் தொடரையே போட்டேன். இந்தக் காட்சி வந்ததும் இதை இவளோடு பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்புறம் நிறுத்தவில்லை, பன்னிரண்டு அத்தியாயத்தையும் பார்த்து முடித்தோம்.

தொடரின் பெயர் 'ஆர்த்தே'. ஜப்பானிய அனிமே, அதாவது அசைபடத் தொடர், 2020 ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடிந்தது, மொத்தம் 12 அத்தியாயங்கள்தான். கெய் ஓகுபோ 2013-இல் தொடங்கிய மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஒன்றுதான் மூலக்கதை. செவன் ஆர்க்ஸ் ஸ்டுடியோ தயாரிப்பு, தகாயுகி ஹமானா இயக்கம், திரைக்கதைப் பொறுப்பு ரெய்கோ யோஷிதா. கதை நடப்பது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தில். ஆர்த்தே ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண். அவள் வரைவதை ரசித்து ஊக்கப்படுத்தியவர் அப்பா. அவர் இறந்ததும் அம்மா படங்களையெல்லாம் எரித்துவிட்டு, இனிமேல் கல்யாணத்துக்குத் தயாராகு என்கிறாள். ஆர்த்தே வீட்டை விட்டுக் கிளம்பி, ஓவியப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறாள். அவள் கொண்டுபோன படங்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எல்லோரும் துரத்துகிறார்கள். கடைசியில் லியோ என்ற ஒரு தனிக்கட்டை ஓவியர், சீடர்களே வைத்துக்கொள்ளாதவர், வேண்டாவெறுப்பாக ஒரு வாய்ப்புத் தருகிறார். அதுவும் இவள் தானாகவே ஓடிப்போய்விடுவாள் என்ற எண்ணத்தில்.

இதுவரை கேட்டால் ஏற்கெனவே பார்த்த கதை மாதிரித்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் லியோ தருகிற அந்த முதல் வேலை என்ன என்று பாருங்கள், அங்கேதான் இந்தத் தொடர் என்னைப் பிடித்தது. படம் வரையச் சொல்லவில்லை. ஒரு குவியல் மரப்பலகைகளைக் காட்டி, இதையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி வெள்ளைப் பூச்சுப் பூசி நாளைக்குள் தயார் செய்து வை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

"சித்தி, படம் வரைய வந்தவளை எதுக்குப் பலகையைத் தேய்க்கச் சொல்றாரு?" என்று இவள் கேட்டாள். நல்ல கேள்வி. தொடரை நிறுத்திவிட்டு அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் அந்தக் காட்சியின் கனம் வேறாகிவிடும். அந்தக் காலத்தில் பலகையில் வரைய வேண்டுமென்றால் முதலில் அதன்மேல் ஜெஸ்ஸோ பூச வேண்டும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் ஜிப்சத் தூளைக் கலந்து செய்கிற வெள்ளைப் பூச்சு. 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தொழில்நுணுக்கங்களையெல்லாம் ஒரு கைநூலாக எழுதி வைத்திருக்கிறார். மெல்லிய ஜெஸ்ஸோ வேண்டுமென்றால் தூளைத் தண்ணீரில் ஒரு மாதம் ஊறப் போட்டுத் தினமும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். அதைப் பல அடுக்குகளாகப் பூசி, காய்ந்த பிறகு தந்தம் மாதிரி ஆகும்வரை சுரண்டி வழிக்க வேண்டும். ஓவியம் நிற்கப்போவதே அந்தத் தரையின்மேல்தான், அது சரியில்லாவிட்டால் மேலே பூசுகிற வண்ணம் வெடித்து உதிர்ந்துவிடும்.

நான் ஓவியம் படித்தபோது ஒரே ஒரு முறை ஒரு சின்னப் பலகையில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டு கை அகலம்கூட இருக்காது. பசை கொதித்துவிட்டால் கெட்டுவிடும், ஆறிவிட்டால் இறுகிவிடும், அந்த வெதுவெதுப்பிலேயே வைத்துக்கொண்டு பூச வேண்டும். ஒரு பூச்சு நெடுக்கு, அடுத்தது குறுக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் வெள்ளைத் தூள் மூக்குக்குள், இமை மயிரில், தலையில். தேய்க்கத் தேய்க்க முதலில் கரகரவென்று கேட்ட சத்தம் மெல்ல மெல்ல மாறி ஒரு கட்டத்தில் உஸ் என்று தேய்ந்துபோகும், அப்போது விரலால் தடவினால் முட்டை ஓட்டைத் தொடுகிற மாதிரி இருக்கும். அந்த ஒரு பலகைக்கே எனக்கு மறுநாள் தோள்பட்டை தூக்க முடியவில்லை. ஆர்த்தே ராத்திரி முழுக்க ஒரு குவியலையே முடிக்கிறாள், கை புண்ணாகிப்போகிறது. லியோ காலையில் வந்து பலகையை எடுத்துப் பார்க்கிற இடத்தில் பெரிய இசை எதுவும் இல்லாவிட்டாலும் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறாய் என்று லியோ கேட்கிறார். ஓவியத்தின் மேல் உள்ள காதல், சின்ன வயதுக் கனவு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்வது கோபம். பெண்ணாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக, ஓர் ஆண் இல்லாமல் நீ வாழவே முடியாது, இதுதான் உன் பாதை என்று முடிவு கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கோபம். இந்தப் பதில் எனக்கு அவ்வளவு பிடித்தது. பெண் ஜெயிக்கிற கதைகளில் பெரும்பாலும் அவளை அன்பே உருவானவளாக, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தாண்டுகிறவளாகக் காட்டிவிடுவார்கள். ஆர்த்தேயும் சிரிக்கிறவள்தான், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறவள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் எரிகிற ஒன்று இருக்கிறது என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். லியோவும் ஒரு பிச்சைக்காரரின் மகனாக இருந்து மேலே வந்தவர். அந்தக் கோபம் அவருக்கு அடையாளம் தெரிகிறது. அவளைச் சேர்த்துக்கொள்வது அதனால்தான், இரக்கத்தால் இல்லை.

ஆர்த்தே என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தொடரில் இதை யாரும் விளக்க மாட்டார்கள். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கலை என்று பொருள், அது பலருக்கும் தெரியும். ஆனால் அன்றைய ஃப்ளோரன்ஸில் ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்கும் அதே சொல்தான். கம்பளித் தொழிலுக்கு ஓர் ஆர்த்தே, பட்டுத் தொழிலுக்கு ஓர் ஆர்த்தே. ஓவியர்கள் சேர்ந்திருந்தது மருத்துவர்கள், மருந்து வணிகர்களுடைய ஆர்த்தேயில், ஏனென்றால் வண்ணப் பொடிகளை விற்றவர்களே மருந்துக்கடைக்காரர்கள்தான். யாரிடம் வேலை கற்பது, யார் பட்டறை வைப்பது என்பதெல்லாம் இந்தச் சங்க உலகத்துக்குள்தான் நடந்தது. ஆக, எந்தக் கதவு இவளுக்கு முன்னால் சாத்தப்படுகிறதோ அந்தக் கதவின் பெயரைத்தான் இவள் தன் பெயராகச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக அலைகிறாள். திட்டமிட்டு வைத்த பெயரோ என்னவோ, இதை யோசித்த பிறகு அந்த முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

அடுத்து ஆஞ்சலோ என்ற பையன். வேறொரு பட்டறையில் வேலை கற்கிறவன், நல்ல மனசுக்காரன், வீட்டில் நிறைய சகோதரிகளோடு வளர்ந்தவன். பெண்கள் என்றால் ஓடிப்போய் உதவ வேண்டும் என்பது அவனுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆர்த்தே பாரம் தூக்குவதைப் பார்த்தால் வாங்கிக்கொள்ள வருகிறான். அவள் கொடுப்பதில்லை. எனக்காகச் செய்யாதே, எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடு என்கிறாள். இது சின்ன இடம்தான், தொடர் இதில் ரொம்ப நேரம் நிற்பதும் இல்லை. ஆனால் தடுப்பவர்களைக் காட்டுவது எந்தக் கதைக்கும் சுலபம், நல்லெண்ணத்தோடு கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறவரிடம் எப்படிப் பேசுவது என்பது கஷ்டமான விஷயம், அதை இவ்வளவு லேசாகக் காட்டியதற்கு இந்தத் தொடரை மதிக்கிறேன். ஆஞ்சலோவைக் கேலிப்பொருளாக்காமல் விட்டதும் நல்லது. அவன் கேட்டுக்கொள்கிறான், மாறுகிறான், நண்பனாகவே இருக்கிறான்.

தையல் வேலை செய்து பிழைக்கிற டாச்சாவோடு ஆர்த்தேவுக்கு வருகிற நட்பும் அழகானது. இரண்டு பேரும் தங்கள் கை உழைப்பில் நிற்கப் பார்க்கிறவர்கள், அதனால் ஒருவரையொருவர் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

வெரோனிகா வருகிற பகுதி வேறு ரகம். அவள் செல்வந்தர்கள் தேடி வருகிற கணிகை. ஆர்த்தே அவளைப் பார்த்ததும் மயங்கிப்போவது அழகைப் பார்த்து என்று நினைத்தால், அதைவிட அவள் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிற புத்தகங்களைப் பார்த்துத்தான். படித்த ஆண்களோடு சரிசமமாகப் பேசுவது அவள் தொழிலின் பாதி. இது கற்பனை இல்லை, அந்த நூற்றாண்டிலேயே வெனிஸில் வெரோனிகா ஃபிராங்கோ என்ற கணிகை கவிஞராகப் பெயர் எடுத்து 1575-இல் கவிதைத் தொகுப்பே வெளியிட்டார். தொடரின் வெரோனிகா தன் வாழ்க்கையை நினைத்து அழுகிறவளும் இல்லை, அதைப் பெருமையாகக் கொண்டாடுகிறவளும் இல்லை. ஆர்த்தேவுக்கு லியோ மேல் ஒரு மயக்கம் வரத் தொடங்குகிறபோது, காதல் ஒரு பெண்ணின் வேலையை எப்படித் தின்றுவிடும் என்று அவள் எச்சரிப்பது பாசத்தோடும் பட்ட அனுபவத்தோடும் சொல்கிற பேச்சு. (சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்களுக்கு: கணிகை என்றால் என்ன என்ற கேள்வி கண்டிப்பாக வரும், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபாசமாக எதுவும் காட்டவில்லை.)

இப்போது வெனிஸ். தொடரின் பின்பாதி பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது, எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டதும் அந்தப் பகுதிதான். யூரி ஃபாலியர் என்ற வெனிஸ் பிரபு ஆர்த்தேவைத் தேடி வருகிறார். தன் குடும்பத்தின் உருவப்படம் வரைய வேண்டும், கூடவே அண்ணன் மகள் காத்தரீனாவுக்கு நல்ல பழக்கவழக்கங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், நல்ல சம்பளம் என்கிறார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஆர்த்தேவுக்கு ஒன்று உறைக்கிறது. இவ்வளவு ஓவியர்கள் இருக்கிற ஊரில், இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிற என்னை ஏன் கூப்பிடுகிறார்? பதில் தெளிவு: நீ பெண், அதிலும் பிரபுக் குடும்பத்துப் பெண், அப்படி ஓர் ஓவியக்காரி வேறு எங்கே கிடைப்பாள். கைத்திறன் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இல்லை.

இந்த இடத்தில் நான் தொடரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். வரைகலை வேலைக்கு நான் முதன்முதலில் சேர்ந்த இடத்தில், சேர்ந்து ஒரு மாதம் கழித்து, மேலே இருந்த ஒருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார், குழுவில் ஒரு பெண் இருந்தால் நல்லது என்று பார்த்துத்தான் உன்னை எடுத்தோம் என்று. பாராட்டு மாதிரித்தான் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப்போன என் படங்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்து, இதில் எதையாவது அவர்கள் உண்மையில் பார்த்தார்களா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பெண் என்பதால் விரட்டப்படுவதைப் பற்றி எத்தனையோ கதைகள் இருக்கின்றன, பெண் என்பதால் வரவேற்கப்படும்போது மனசுக்குள் விழுகிற அந்தக் கீறலைப் பற்றி ஒரு கதை பேசி நான் பார்த்தது இதுதான் முதல் முறை.

ஆர்த்தே இதை எப்படித் தாண்டுகிறாள் என்பதுதான் எனக்கு இந்தத் தொடர் தந்தது. அவளுக்குக் கோபம் வருகிறது, தன் படத்துக்கு மதிப்பே இல்லையா என்று குழம்புகிறாள். அப்புறம், பிரபு வீட்டில் பிறந்ததும் பெண்ணாக இருப்பதும் தன்னிடம் இருக்கிற சரக்குதான், அதைக் காட்டி உள்ளே நுழைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நுழைந்த பிறகு உட்கார்ந்து வரைய வேண்டியது தன் கைதான் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறாள். ஒரே வசனத்தில் வந்துவிடுவதில்லை, வெனிஸ் அத்தியாயங்கள் முழுக்க அந்த யோசனை கூடவே நடக்கிறது. அந்தக் கீறல் முழுசாக ஆறிவிட்டது மாதிரியும் காட்டவில்லை.

காத்தரீனாவின் கதையும் இங்கே நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஆர்த்தேவையே விரட்டப் பார்க்கிற அடங்காத சிறுமி. ஆனால் பழக்கவழக்கம் தெரியாதவளா என்றால், எல்லாம் தெரியும், வேண்டுமென்றே செய்வதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஊருக்கு வெளியே ஒரு பால்கொடுக்கிற தாயிடம் வளர விட்டுவிட்டார்கள். வசதியான குடும்பங்களில் அன்று இது சகஜமாக நடந்த வழக்கம். அங்கே அன்பும் அடுப்படியும் தெரிந்து வளர்ந்தவளைத் திரும்பக் கூட்டிவந்து மாளிகைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? அவளுக்குப் பிடித்தது சமையல், பிரபு வீட்டுப் பெண் அடுப்படிக்குள் காலே வைக்கக்கூடாது. ஆர்த்தேவுக்குத் தூரிகை என்றால் இவளுக்குக் கரண்டி. அவளிடம் ஆர்த்தே அறிவுரை சொல்லாமல் முதலில் காதுகொடுத்துக் கேட்பதும், பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் மெல்ல ஒரு வழி திறப்பதும் அவசரமில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. என் அக்கா மகள் தொடரிலேயே அதிகம் சிரித்ததும் காத்தரீனாவைப் பார்த்துத்தான், ஓர் இடத்தில் கண் துடைத்ததும் அவளுக்காகத்தான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. இந்தத் தொடரில் மனிதர்கள் ரொம்பச் சீக்கிரம் மனம் மாறுகிறார்கள். முறைத்துக்கொண்டு வருகிற ஆள், ஆர்த்தே படுகிற பாட்டைப் பார்க்கிறார், அத்தியாயம் முடிவதற்குள் தலையசைத்துவிடுகிறார். அடுத்த வாரம் இன்னொருவர். உழைத்தால் போதும், பார்க்கிறவர்கள் தானாக ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒரு கணக்கு அடியில் ஓடுகிறது. அந்தக் காலத்துப் பெண்கள் உழைக்காததால் ஓவியர் ஆகவில்லையா என்ன?

உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்தால், அன்று ஒரு பெண் ஓவியம் கற்க இரண்டு மூன்று வாசல்கள்தான் இருந்தன. அப்பா ஓவியராக இருந்து அவர் பட்டறையிலேயே வளர வேண்டும், வெனிஸில் தின்தொரெத்தோவின் மகள் மரியெத்தா மாதிரி. அல்லது கன்னியர் மடத்துக்குள் இருந்து வரைய வேண்டும். அல்லது சோஃபோனிஸ்பா ஆங்குயிசோலா மாதிரி, மகள்களைப் படிக்க வைக்க விரும்பிய ஒரு பிரபுவுக்குப் பிறக்க வேண்டும். கிரெமோனாவில் வளர்ந்த சோஃபோனிஸ்பா 1559-இல் ஸ்பெயின் அரசவைக்குப் போய் அரசிக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார், ஆர்த்தேவின் வெனிஸ் கதைக்கு இது எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். ஆனால் அவருக்குப் பின்னால் அப்பா உயிரோடு இருந்தார். யாருமில்லாமல், தெருவிலிருந்து நேராக ஒரு பட்டறைக்குள் நுழைகிற ஆர்த்தேவின் வழி கிட்டத்தட்ட இல்லாத வழி. சென்னினி சொல்கிற கணக்குப்படி ஓராண்டு சின்னப் பலகையில் வரைந்து பழகவும், ஆறு ஆண்டு வண்ணம் அரைப்பதும் பசை காய்ச்சுவதும் ஜெஸ்ஸோ பூசுவதுமான பட்டறை வேலைக்கும், இன்னும் ஆறு ஆண்டு வண்ணம் தீட்டிப் பழகவும் என்று பதின்மூன்று ஆண்டு ஒரு குருவின் கீழ் இருக்க வேண்டும். அவ்வளவு வருஷம் ஒரு பெண்ணை அங்கே யார் இருக்க விட்டார்கள்? ஃப்ளோரன்ஸின் ஓவிய அகாதெமி 1563-இல் தொடங்கியது, முதல் பெண்ணாக ஆர்த்தெமிசியா ஜென்தில்லெஸ்கி உள்ளே போக 1616 ஆனது. தொடர் இந்தச் சுவரின் உயரத்தைக் குறைத்துக் காட்டிவிடுகிறது என்பது என் வருத்தம். உயரத்தை உள்ளபடி காட்டியிருந்தால் அவள் ஏறுவதற்கு இன்னும் மதிப்பு கூடியிருக்கும்.

இன்னொரு வருத்தம் அம்மா. படங்களை எரிக்கிற அம்மாவாகத்தான் அவள் நம் மனதில் பதிகிறாள். ஆனால் அவள் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. வரதட்சணை இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாத ஊர் அது. மகள் சின்னவளாக இருக்கும்போதே அப்பா பணம் போட்டுவைத்து, கல்யாணத்தின்போது பெருக்கி எடுப்பதற்கென்றே நகர அரசு 1425-இல் ஒரு வரதட்சணை நிதியைத் தொடங்கியது என்றால் அந்தச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். அப்பா போய்விட்டார், கையில் காசில்லை, மகளுக்கு வயது ஏறுகிறது, மாப்பிள்ளை கிடைக்காவிட்டால் மடம்தான். அந்த நெருப்பில் காகிதங்களைப் போடுகிறபோது அம்மாவின் கை நடுங்கியிருக்குமா என்று ஒரு காட்சி வைத்திருக்கலாம். இவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் கதை ஆழப்பட்டிருக்கும்.

லியோ மேல் ஆர்த்தேவுக்கு வருகிற காதல் எனக்கு ஒட்டவில்லை. குருவிடம் வருகிற மரியாதையே போதுமானதாக இருந்தது. நல்லவேளையாக அதை ரொம்ப இழுக்கவில்லை.

பார்ப்பதற்கு எப்படி? வெளிச்சமான வண்ணங்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு மேலே எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் பெரிய கும்மட்டம், வெனிஸ் வந்ததும் மாறுகிற நீரின் நிறம். பின்னணிக்கு நிறைய உழைத்திருக்கிறார்கள். உடைகளின் மடிப்பும் தையலும் கவனமாக வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் அசைவுகள் பல இடங்களில் தட்டை. அதிலும் ஓவியத்தைப் பற்றிய தொடரில் ஓவியம் உருவாகிறதைக் காட்டுகிற காட்சிகள் குறைவு என்பது உறுத்துகிறது. கரி பிடித்த விரல், காகிதத்தில் முதல் கோடு, தப்பாகப் போன கோட்டை அவள் எப்படிச் சரி செய்கிறாள் என்பதையெல்லாம் இன்னும் அருகில் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது. பலகைக்கு அவ்வளவு நேரம் கொடுத்தவர்கள் படத்துக்கும் கொடுத்திருக்கலாம். மாயா சகாமோதோ பாடிய தொடக்கப் பாட்டு அருமை, ஒரு முறைகூடத் தாண்டிவிட்டுப் போகவில்லை. ஆர்த்தேவுக்குக் குரல் கொடுத்த மிகாகோ கோமாத்சுவின் குரலில் உற்சாகமும் பிடிவாதமும் ஒன்றாகவே இருக்கின்றன, அதனால் முடிந்தவரை ஜப்பானிய ஒலியில் வசன வரிகளோடு பாருங்கள். ஆங்கில ஒலியும் உண்டு. நாங்கள் பார்த்தது க்ரஞ்சிரோல் என்ற இணையத் தளத்தில்.

ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய தொடர் இல்லை இது. அடுத்தடுத்துப் பார்த்தால் மேலே சொன்ன அந்தச் சீக்கிரம் மனம் மாறுகிற சங்கதி திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று பாருங்கள். சண்டை, மர்மம், திடீர்த் திருப்பம் எதிர்பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. வரைகிற பிள்ளைகள், வரைவதை எப்போதோ விட்டவர்கள், ஏதோ ஒரு தொழிலில் நீ இங்கே எதற்கு என்ற பார்வையைத் தாங்கி நிற்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் தாராளமாகச் சொல்வேன்.

கடைசி அத்தியாயம் முடிந்த ராத்திரி அக்கா மகள் கேட்டாள், நிஜமாகவே அந்த ஊரில் அந்தக் காலத்தில் வரைந்த பொம்பளை யாராவது இருந்தாளா சித்தி, படம் இருக்கா என்று. பிளாவுதில்லா நெல்லியின் படத்தை எடுத்துக் காட்டினேன். 1524-இல் பிறந்து ஃப்ளோரன்ஸில் ஒரு மடத்துக் கன்னியாக வாழ்ந்தவர், தானாகவே கற்றவர். வசாரி அந்தக் காலத்து ஓவியர்களின் வாழ்க்கைகளை எழுதியபோது இவரையும் குறிப்பிட்டு, ஆண்களைப் போல உயிருள்ளவற்றை நேரில் பார்த்து வரையப் பழகும் வாய்ப்புக் கிடைத்திருந்தால் இவர் அற்புதங்களைச் செய்திருப்பார் என்று எழுதினார். அந்த வாய்ப்பு இல்லாமலேதான் நெல்லி ஏழு மீட்டர் நீளத்துக்கு ஏசுவின் கடைசி இராவுணவை வரைந்தார், எல்லோரும் ஆண்கள், ஆளளவு உருவங்கள். பல ஆண்டு பழுதுபார்ப்புக்குப் பிறகு 2019 அக்டோபரில்தான் அது சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்க்க வைக்கப்பட்டது. படத்திலேயே தன் பெயரை எழுதி, இந்த ஓவியக்காரிக்காக ஜெபம் செய்யுங்கள் என்று லத்தீனில் சேர்த்திருக்கிறார். ஓவியக்காரி என்றே, பெண்பாலில்.

இவள் அதைக் கேட்டாளா இல்லையா தெரியவில்லை. திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, மேசை விரிப்பில் மடித்து வைத்த தடம் கோடு கோடாகத் தெரிவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். அப்புறம் பென்சிலைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.